ஏட்டின் மடிப்பில் வெள்ளைத் தூள்

ஒரு வாரம் முழுவதும் நான் நம்பியிருந்தது இதுதான்: ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு லத்தீன் புத்தகத்தின் பிறந்த ஊரை என் நெற்றியில் இருந்த திருநீறு மாற்றிவிடப் போகிறது. சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்ப மாட்டேன், முழுதாக நம்பினேன். ரயிலில் நின்றபடி நம்பினேன். சோற்றைப் பிசைந்தபடி நம்பினேன். பல் தீட்டும்போது கண்ணாடியில் நெற்றியைப் பார்த்து, நீதானே செய்தாய் என்று கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவன், செத்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பகிடியாவது விட்டுவிட்டு வருகிறவன் என்று ரெய்னர்ஸ் லேன் பக்கம் பெயர் எடுத்தவன் நான். அந்த ஒரு வாரமும் என் வாயிலிருந்து ஒரு பகிடிகூட வரவில்லை என்பதை மனைவி இன்றைக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

நான் படம் பிடிக்கிறவன். முதலில் வெம்பிளியிலும் ஹவுன்ஸ்லோவிலும் கலியாண வீடுகள், பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகள் எடுத்தேன். பிறகு முழங்கால் மறுத்துவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்கு முன்னால் குந்தியிருந்து எழும்ப முடியாமல், மாப்பிள்ளையின் தகப்பன் கை கொடுத்துத் தூக்கிவிட்ட நாளோடு அந்தத் தொழிலை விட்டேன். லண்டன் நடுவில் இருக்கும் ஒரு நூலகத்தில், பழைய கைப்பிரதிகளை ஏடு ஏடாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலைதான், அவ்வப்போது நீட்டித்துத் தருவார்கள். ஆனால் இந்த நாட்டில் நான் பார்த்த வேலைகளிலேயே காலையில் எழும்பிப் போக மனம் வந்த ஒரே வேலை அது. கைப்பிரதி கண்ணை மூடாது. குறுக்கே எந்தச் சித்தியும் வந்து நிற்க மாட்டா. எடுத்த படத்தில் நான் கறுப்பாய் விழுந்திட்டன் என்று யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

படம் எடுக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. கறுப்புச் சுவர், கறுப்பு மேசை, கறுப்புத் துணி. தோலுக்குச் சூடு ஆகாது என்பதால் எப்போதும் குளிர். கதவைச் சாத்திவிட்டால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. சொந்த மூச்சுச் சத்தம் கேட்கும். கூரையின் மூலையில் ஒரு கமரா இருந்தது. படம் எடுக்கிறவனை அது படம் எடுத்துக்கொண்டேயிருக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவேன், பகிடிக்கு. பிறகு ஒருநாள், இதை யாரோ உண்மையாகவே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று காவலாளி சொன்னதும் கும்பிடுவதை நிறுத்தினேன்.

கதவுக்கு வெளியே ஓர் அறிவிப்புப் பலகை. உணவு, தண்ணீர், பேனா கூடாது. கைக்குப் பூசும் கிரீம், பவுடர், எண்ணெய் கூடாது. கையுறையும் கிடையாது, கழுவித் துடைத்த வெறுங்கையால்தான் ஏட்டைத் திருப்ப வேண்டும். நெற்றியைப் பற்றி அந்தப் பலகை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்பது எனக்கும் அந்தக் கதவுக்கும்தான் தெரியும்.

இனிப் புத்தகம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு. வேதாகமத்தின் ஒரு பகுதிக்கு யாரோ ஒரு துறவி லத்தீனில் எழுதிய விளக்கம் என்றார்கள். எனக்கு லத்தீன் தெரியாது, படம் எடுக்க அது தேவையும் இல்லை. ஆனால் மாதக் கணக்காக ஒருவனுடைய கையெழுத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் பழகிவிடுவான். கூர் கூரான, ஒடுங்கிய எழுத்து. ஆர் என்ற எழுத்தின் ஒரு கால் நீண்டு வரிக்குக் கீழே இறங்கி நிற்கும். ஜி என்ற எழுத்தின் தலையில் பலகை வைத்து அடித்தது போலத் தட்டை. உயரமான எழுத்துகளின் உச்சியில் ஆப்பு இறுக்கியது போல ஒரு முக்கோணம். பெரிய எழுத்துகளைச் சுற்றி வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், கலியாண வீட்டு வாசலில் மின்சார பல்ப் கட்டியது போல.

இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பேராசிரியர். வெள்ளைக்கார அம்மா, பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு புத்தகத்தை விட மனமில்லாமல் வந்துகொண்டிருந்தார். இது தீவுக்காரரின் எழுத்து என்றார். அயர்லாந்தில் தொடங்கி இங்கிலாந்துக்கு வந்தது. லத்தீன் அவர்களுக்கு அந்நிய மொழி. அதனால்தான் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதும் பழக்கத்தை அவர்களே முதலில் பிடித்தார்கள் என்றார். எனக்கு உடனே விளங்கியது. நானும் இங்கிலீஷ் அப்படித்தான் பேசுகிறேன், சொல்லுக்குச் சொல் நின்று, அடுத்தது சரியான சொல்தானா என்று பார்த்துப் பார்த்து.

பேராசிரியரின் வழக்கு, எழுத்தைப் பற்றியது மாதிரித் தோன்றினாலும் ஊரைப் பற்றியது. எழுத்து தீவினுடையது, ஆகவே புத்தகம் இங்கிலாந்தில் எழுதப்பட்டது என்று ஒரு கூட்டம் அறிஞர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துத் துறவிகள் பலர் கடல் தாண்டி ஜெர்மன் காடுகளுக்குப் போய் மடம் கட்டி, அங்கேயும் தங்கள் தீவு எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். கை எங்கே பழகியது என்பதைத்தான் எழுத்து காட்டும், அந்தக் கை எந்த மேசையில் கிடந்தது என்பதை அதனிடம் கேட்க முடியாது என்றார். நான் அவருக்கு என் வீட்டுக் கதையைச் சொன்னேன். பால் முடிஞ்சுது என்று எழுதி குசினிக் கதவில் ஒட்டிவிட்டு வருகிறேன். ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு பேராசிரியர் அந்தத் துண்டைக் கண்டெடுத்தால், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, ஆகவே யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டது, அந்தக் காலத்தில் அங்கே கடும் பால் தட்டுப்பாடு என்று புத்தகம் போடுவார். அம்மா சிரித்தபடியே, அதைத் தன் உரையில் பயன்படுத்தலாமா என்று அனுமதி கேட்டார். அன்றைக்கு வீடு போகும் வரைக்கும் மெட்ரோபொலிட்டன் ரயிலே என்னுடையது போல இருந்தது.

ஊரைக் கண்டுபிடிக்க அவருக்கு மிஞ்சியிருந்த வழி தோல். தீவுக்காரர் கன்றுத்தோலை இரண்டு பக்கமும் தேய்த்து, மயிர்ப்பக்கம் எது இறைச்சிப்பக்கம் எது என்று தெரியாதபடி செய்துவிடுவார்களாம். கடலுக்கு அப்பால் அப்படி இல்லை. ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் இருக்குமாம். இந்தப் புத்தகத்திலோ இரண்டு வகையும் கலந்து கிடந்தன. அதனால் இரண்டு கட்சியும் வென்றதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பேராசிரியரின் நூல் அச்சுக்குப் போக இருந்தது. ஒரேயொரு திடமான சான்று வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில் வந்தது வெள்ளிக்கிழமை.

அன்று பின்னேரம் எனக்கு நேர்முகத் தேர்வு. ஒப்பந்தத்தை விட்டு நிரந்தரமாக எடுப்பதற்கு ஓர் இடம் வந்திருந்தது. என்னோடு வேறு இரண்டு பேரும் போட்டி. தோற்றால் மாத முடிவோடு ஒப்பந்தமும் முடிகிறது, பிறகு நீட்டிப்பு இல்லை என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு ஹவுன்ஸ்லோவுக்குப் பக்கத்தில் விமான நிலையக் கடை ஒன்றில் வேலை. காலை ஷிப்டுக்குப் போக முன்னர், வாசலில் வைத்து என் நெற்றியில் ஒரு கை நிறையத் திருநீற்றை அள்ளி இழுத்துவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. வழக்கமாக ஸ்டேஷன் படியேறும்போதே துடைத்துவிடுவேன். அன்று ரயிலில் கையை உயர்த்தக்கூட இடம் இல்லை. பிறகு தேர்வுக்கான பதில்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனதில் மறந்தே போனேன்.

அப்படியே போய் அந்தப் புத்தகத்தின் மேல் குனிந்தேன். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து எடுக்கும் படம் அன்றைய வேலை. தோலின் மேடு பள்ளம், பழைய கீறல், மயிர்க்கால் எல்லாம் அந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்கும். ஏட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் பட்டியைச் சரிசெய்ய, முகம் படாத குறையாகக் குனிந்து நின்றேன். அதுவும் நெடுநேரம்.

திங்கட்கிழமை படங்களைத் திரையில் போட்டோம். பேராசிரியர் ஒரு பக்கம். மறுபக்கம் பழைய புத்தகங்களைப் பழுது பார்க்கும் பிரிவிலிருந்து வந்த பெண். அவள் மலேசியத் தமிழ், ஈப்போக்காரி. இங்கே படிக்க வந்து இங்கேயே வேலையாகிவிட்டவள். நாற்பது தாண்டிய நிதானமான ஆள். அந்தக் கட்டடத்திலேயே என்னை அண்ணே என்று கூப்பிடும் ஒரே ஜீவன். நடு ஏடு ஒன்று திரையில் வந்தது. அவள் பெருப்பிக்கச் சொன்னாள். ஏடுகளைத் தைத்திருக்கும் மடிப்பில், நூலுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு தூள். பக்க வெளிச்சத்தில் அது ஒவ்வொரு துகளும் தனித்தனி நிழலோடு கிடந்தது.

என் கை தானாக நெற்றிக்குப் போனது.

அவள் புத்தகத்தையே எடுத்துவரச் செய்து, மெல்லிய தூரிகையால் ஒரு சிட்டிகைத் தூளைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் தட்டி, மூடி, இலக்கம் ஒட்டினாள். சாம்பல் மாதிரித் தெரிகிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். எலும்பைச் சுட்ட சாம்பலால் தோலைத் தேய்ப்பது ஒரு பழைய முறைதான், சோதித்துப் பார்க்கலாம் என்றாள். பேராசிரியர் எழும்பி நின்றுவிட்டார். எதிர்க்கட்சி சொல்லும் இங்கிலாந்து மடங்களைச் சுற்றி எங்கும் தோல் தேய்க்கச் சுண்ணக்கட்டி. அங்கே ஏன் ஒருவன் சாம்பலைத் தேட வேண்டும் என்று கேட்டார். தான் சொல்லும் காட்டு மடத்தில் சுண்ணக்கட்டிக்கு வழி இல்லை, சாம்பல்தான் இருந்திருக்கும். ஊகம்தான், ஆனால் குப்பி ஓம் என்று சொன்னால் நூலில் ஒரு பக்கம் சேர்ப்பேன் என்றார்.  

அவர் போன பிறகு ஈப்போக்காரி என் முகத்தையே பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம பட்ட போட்டிருந்தீங்களே அண்ணே. இன்னிக்கு நெத்தி காலியா இருக்கு?"

"இண்டைக்கு இன்டர்வியூ இல்லைத் தங்கச்சி," என்றேன். சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை. குப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமித்தட்டில் இருந்த திருநீற்றுப் பையை எடுத்துக்கொண்டு குசினி மேசைக்குப் போனேன். வெம்பிளிக் கடையில் வாங்கியது. என்னென்ன கலந்தது என்று பையில் ஒரு வரியும் இல்லை. ஒரு மாட்டின் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. மனைவியின் கறுப்புச் சால்வையை விரித்து, ஒரு சிட்டிகையைத் தூவி, மேசை விளக்கைச் சரித்து வைத்து, பெரிய லென்ஸைப் பூட்டி எடுக்கத் தொடங்கினேன். வேலைத்தலத்துப் படமும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. வெள்ளைத் தூளை அந்த அளவுக்குப் பெருப்பித்தால் சீனியும் சவர்க்காரத் தூளும்கூட அப்படித்தான் தெரியும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

மனைவி ஷிப்ட் முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"திருநீற்றைப் படம் எடுக்கிறன்."

"அதை ஆருக்குக் கலியாணம் பேசப் போறியள்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பு, தூள், குப்பி, ஜெர்மன் காடு. அவள் கதிரையில் அமர்ந்து கடைசி வரைக்கும் கேட்டாள். சால்வை பாழாய்ப் போனதைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"வேலை கிடைக்கட்டும் எண்டு பூசிவிட்டனான்," என்றாள் பிறகு. "நீங்கள் கொண்டுபோய் ஆட்டுத் தோலுக்குப் பூசிப்போட்டு வந்திருக்கிறியள்."

"கன்றுத் தோல்," என்றேன்.

"உம்மட வாய் ஒண்டு," என்றாள். கோபம் வந்தால்தான் அவள் என்னை நீர், உமது என்பாள். "போய் உள்ளதைச் சொல்லும். அந்த மனிசி பாவம்."

சொல்ல ஏலாது என்றேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சாம்பல் சாம்பல்தானே, மாடு ஜெர்மன் மாடா இந்திய மாடா என்று குப்பிக்குத் தெரியுமா? கேட்டுவிட்டு நானே பதிலும் நினைத்துக்கொண்டேன்: தெரியும். இந்தக் காலத்தில் அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் காலையில் கோப்பை கழுவும் சோப்பைப் போட்டு நெற்றியைத் தேய்த்தேன். தோல் சிவந்து, வெய்யிலில் நின்றவன் போல இருந்தேன். அன்றுதான் ஈப்போக்காரியிடமிருந்து செய்தி வந்தது: அந்த ஏட்டை நான் எடுத்த எல்லாப் படங்களும் வேண்டும், எடுத்த நாளும் நேரமும் பதிந்தபடியே, ஒன்றையும் அழிக்காமல். அழிக்காமல் என்ற சொல்லை நான் பலமுறை வாசித்தேன். வழக்குக்கு ஆதாரம் சேர்க்கிறாள் என்று விளங்கியது. வெள்ளிக்கிழமை நேரமும் கூரைக் கமராவில் என் நெற்றியும் பொருந்தினால் கதை முடிந்தது. ஒரு படத்தையும் திறந்துபார்க்காமல் கோப்புறையை அப்படியே அனுப்பிவிட்டேன். பார்க்கத் தைரியம் இருக்கவில்லை.

புதன்கிழமை இன்னொரு யோசனை பிறந்தது. எங்கள் திருநீற்றில் வாசனை உண்டு. ஏட்டில் அந்த வாசனை இல்லாவிட்டால் நான் குற்றவாளி இல்லை. அறையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, கூரைக் கமராவுக்கு முதுகைக் காட்டி, மடிப்புக்கு மேல் மூக்கைக் கொண்டுபோனேன். ஈரமான செருப்பு வாசனை. அதற்கு அடியில் பழைய புகை மாதிரி ஒன்று. ஜவ்வாது இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.

"அண்ணே. புத்தகத்த எதுக்கு மோந்து பாக்குறீங்க?"

ஈப்போக்காரி கதவில் நின்றாள். எத்தனை நேரம் நின்றாளோ.

"சளி பிடிச்சிருக்கு. மூக்கு வேலை செய்யுதா எண்டு பார்த்தனான்."

சளி பிடித்த மூக்கை ஆயிரத்து இருநூறு வயசுத் தோலுக்கு மேல் வைத்திருந்தேன் என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது.

அதன் பின் அவள் என்னோடு பேசுவதைக் குறைத்தாள். நடைபாதையில் நானும் எங்கள் பிரிவின் தலைவரும் எதிர்ப்பட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மிகவும் மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர்; மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. நேர்முகத் தேர்வின் முடிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை சின்னக் கூட்ட அறைக்கு வரவும், பேராசிரியரும் பழுதுபார்க்கும் பிரிவும் அங்கே இருப்பார்கள். எதற்காக என்று போடவில்லை. மனைவி அன்றும் கையில் திருநீற்றோடு வாசலில் நின்றாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, வெளியே போனேன். தாலி கட்டிய காலத்திலிருந்து அவள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. சகுனம் பார்க்கிறவள் அவள்.

சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வைப்பது என் தொழில், இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேராசிரியர் மேடையில் நின்று, சாம்பல், சாம்பல் என்று சொல்வது போலவும், எதிர்க்கட்சி அறிஞர்கள் முன் வரிசையில் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவும் கனவு கண்டேன். பகல் தூக்கத்தில்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு கதிரை. நடுவில் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் இருத்தப்பட்டிருக்கிறேன். எந்த வழியால் வந்தாய், யார் கூட்டி வந்தது, கையில் இருக்கும் தழும்பு எப்போது ஏற்பட்டது என்று கேட்டார்கள். அன்று நான் சொன்னதெல்லாம் உண்மை. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லச் சொல்ல, எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. இன்ன ஊரில் பிறந்தவன் என்று நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் என் பேச்சைத் தவிர வேறு என்ன இருந்தது? பேச்சு, நாக்கு எங்கே பழகியது என்பதைத்தான் காட்டும் என்று அன்றைக்கு அந்த அதிகாரியும் நினைத்திருக்கக்கூடும்.

இந்த மேசையில் தண்ணீர்க் கிளாஸுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பி இருந்தது.

பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அச்சகத்துக்கு அன்றே எழுத வேண்டும் என்று தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், கதவைத் திறக்கும் வரைக்கும் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. அந்தப் பேனாவைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க முன்னரே, கதிரையில் உட்காராமலே, இங்கிலீஷில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொன்னேன்: அந்தத் தூள் என்னுடைய நெற்றி.

மூவரும் என் நெற்றியைப் பார்த்தார்கள்.

பிறகு விளக்க வேண்டியிருந்தது. மாடு, சாணம், அதைச் சுட்ட சாம்பல், மனைவி, நேர்முகத் தேர்வு, ரயிலில் கையை உயர்த்த இடமில்லாமல் போனது. பலகையில் பவுடர் கூடாது என்று இருப்பது தெரியும், நெற்றியை நான் நினைக்கவில்லை என்றேன். பேராசிரியரைப் பார்த்து, தயவுசெய்து அதை நூலில் போட வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடினார். தலைவர் தன் முன்னால் இருந்த தாளில் எதையோ எழுதினார். எழுதுகிற சத்தம் கேட்டது. இந்த வேலை இதோடு சரி, மத்தியானத்துக்குள் மேசையை ஒதுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கறுப்புத் துணியும் குளிரும் அந்த ஒடுங்கிய கையெழுத்துக்காரனும் ஒருதரம் மனதில் வந்து போனார்கள்.

ஈப்போக்காரிதான் பேசினாள். அதுவும் தமிழில், மற்ற இருவரையும் வைத்துக்கொண்டு.

"உக்காருங்க அண்ணே. எனக்கும் அதே சந்தேகம்தான் வந்துச்சு. அதனாலதான் படத்தக் கேட்டேன்."

"அப்ப நான்தான்?"

"புதன்கிழம லைட் செட் பண்ண ஒரு படம் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? வெள்ளிக்கிழமைக்கு முந்தின புதன். அதுலயே தூள் இருக்கு. உங்க படம். நீங்க பாக்கவே இல்லையா?"

பார்க்கவே இல்லை. கலியாண வீடு தொடங்கி இன்றுவரை படம் எடுத்தே சோறு தின்கிறவன், ஒரு வாரம் முழுதும் திருநீற்றைப் படம் எடுத்தேன், நெற்றியைத் தேய்த்தேன், ஏட்டை மோந்தேன். நான் ஏற்கனவே எடுத்து வைத்திருந்த படத்தைத் திறந்து பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவள் இங்கிலீஷுக்கு மாறிச் சோதனை முடிவைச் சொன்னாள். பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றாள். அவர் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். எழும்பும்போது என் தோளில் ஒருதரம் தட்டினார். சேர்ப்பதாகச் சொன்ன அந்த ஒரு பக்கம் அவருடைய நூலில் வரவில்லை.

என் வேலை நிரந்தரமானது. மேசையை ஒதுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று நான் நினைத்த அந்தக் கூட்டத்தின் இரண்டாவது விஷயமே அதுதான். தலைவர் தாளில் எழுதியது, கதவுப் பலகையில் நெற்றியையும் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு. இப்போது வாசலில் ஈரத் துணி ஒரு பெட்டியில் இருக்கிறது. மனைவி பூசிவிடுகிறாள், நான் அங்கே துடைக்கிறேன்.

புத்தகம் எந்த ஊரில் எழுதப்பட்டது என்பது இன்னும் தெரியாது. மடிப்பில் கிடந்த தூள் சாம்பலே இல்லை. கோதுமை மா. பிற்காலத்தில் லண்டனில் யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைத் திரும்பக் கட்டியபோது பூசிய பசை, காய்ந்து உதிர்ந்தது.